மண்டை ஓட்டு இம்பிளான்ட்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

விபத்திலோ பக்கவாதத்திலோ மூளை வீங்கினால் சிலருக்கு மண்டை ஓட்டின் ஒரு பகுதியை எடுத்துவிடுவார்கள். பிற்பாடு அந்த இடத்தை மூட, ஆளுக்கேற்ற அளவில் இம்பிளான்ட், அதாவது உள்ளே பொருத்தும் செயற்கைத் தகடு, வடிவமைப்பது என் வேலை.

கேள்வி: சார், என் கணவருக்கு அவருடைய சொந்த எலும்பையே ஏன் திரும்ப வைக்கவில்லை?

முடிந்தால் அதைத்தான் வைப்பார்கள் அம்மா. எடுத்த எலும்பை உறைநிலையிலோ, வயிற்றுத் தோலுக்கு அடியிலோ பாதுகாப்பார்கள். அது நொறுங்கியிருந்தாலோ கிருமி தொற்றியிருந்தாலோ உதவாது. வைத்த பிறகு மெல்லக் கரைவதும் உண்டு. குழந்தைகளிடம் இது அதிகம்.

கேள்வி: அளவு எப்படி எடுக்கிறீர்கள்?

1 மில்லிமீட்டர் அல்லது அதற்கும் மெல்லிய அடுக்குகளாக எடுத்த சி.டி. ஸ்கேன் வேண்டும். நல்ல பக்கத்தைக் கணினியில் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி, குறையுள்ள பக்கத்தில் பொருத்துவோம். ஆனால் யாருக்குமே இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்காது. குறை நடுக்கோட்டைத் தாண்டினால் அந்த வழியும் சரிவராது. அப்புறம் ஓரங்களைக் கையால் திருத்தித்தான் ஆக வேண்டும். மாதக்கணக்கில் எலும்பில்லாமல் இருந்த தோல் சுருங்கியிருக்கும். பழைய வளைவை அப்படியே கொடுத்தால் தையல் இழுபடும். அதனால் சர்ஜனிடம் கேட்டு வளைவைக் கொஞ்சம் குறைப்பேன். அடியில் நீர் தேங்காமலிருக்கவும், மூளையுறையை மேலே இழுத்துத் தைக்கவும் சிறு துளைகள் விடுவோம்.

கேள்வி: இம்பிளான்டுக்கு எந்தப் பொருள் நல்லது, டைட்டானியமா, பீக்கா?

டைட்டானியம் மெல்லியதாக இருந்தாலும் உறுதியானது, ஆனால் சி.டி. படத்தில் கோடுகள் விழும். பீக் ஒருவகை பிளாஸ்டிக். படம் தெளிவாக வரும், நெகிழ்வும் எலும்புக்கு நெருக்கம். தொற்று வந்தால் எதுவானாலும் பெரும்பாலும் கழற்ற வேண்டியதுதான். என்னைக் கேட்டால், பொருளைவிட மேலே மூடும் தோல் எப்படி இருக்கிறது என்பதை டாக்டரிடம் முதலில் கேளுங்கள்.

கேள்வி: எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா?

பொதுவாக எடுக்கலாம். டைட்டானியத்தைக் காந்தம் இழுக்காது. இம்பிளான்ட் விவர அட்டையை மட்டும் கையோடு கொண்டுபோங்கள்.

கேள்வி: அப்பாவுக்குத் தலை ஒரு பக்கம் குழிந்திருக்கிறது. "அழகுக்குத்தானே, வேண்டாம்" என்கிறார்.

அழகுக்கு மட்டுமில்லை தம்பி, அவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். எலும்பில்லாத இடத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் மூளைமேல் நேராகப் படுகிறது. சிலருக்கு எழுந்து உட்கார்ந்தாலே தலைவலி, தலைசுற்றல். கைகால் பலவீனமாகும், பேச்சு மந்தமாகும். மூடிய பிறகு இவை தெளிந்தவர்கள் உண்டு. வீக்கம் வற்றி, தொற்று இல்லையென்று உறுதியானதும், பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ செய்வார்கள். அதுவரை நடக்கும்போது ஹெல்மெட் போடட்டும், அந்தப் பக்கம் அழுத்திப் படுக்க வேண்டாம். ஆபரேஷனுக்குப் பிறகு காயம் சிவந்தாலோ, கசிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.