மழைக்குட்டையில் நீந்தும் சிப்பி இறால்: கேட்டவர்களுக்கு என் பதில்கள்

மேடவாக்கம் பக்கம் ஒரு காலிமனையில் தேங்கிய மழைத்தண்ணீரில், துவரம்பருப்பு அளவுக்கு ஏதோ சுற்றிச் சுற்றி நீந்துவதைப் போன வாரம் ஒருவர் படமெடுத்துப் போட்டிருந்தார். அது சிப்பி இறால் என்று சொன்னேன், அதிலிருந்து கேள்வி நிற்கவே இல்லை. கல்லூரியில் விலங்கியல் நடத்திய நாளிலிருந்து ஐப்பசி மழை இறங்கினாலே வலையும் வெள்ளைத் தட்டுமாகக் குட்டைகளுக்குக் கிளம்பிவிடுவேன். அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

படம் போட்ட மேடவாக்கம் தம்பி: அக்கா, இது சிப்பியா, இறாலா?

இரண்டும் இல்லை தம்பி. ஓட்டை வைத்துச் சிப்பி என்கிறார்கள், உள்ளே இருப்பதோ இறாலும் நண்டும் சேர்ந்த வகையறாவின் தூரத்து உறவு. உண்மையான மட்டிக்குச் சுண்ணாம்பு ஓடு, நகத்தால் தட்டினால் 'டிக்' என்று கேட்கும். இதன் ஓடு வெங்காயச் சருகு மாதிரி மெல்லியது, வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே கால்கள் அலை அலையாக அசைவது அப்படியே தெரியும். ஒன்றைப் பீங்கான் தட்டில் விட்டு, நகை பார்க்கும் லென்ஸ் வழியாக ஐந்து நிமிடம் பாருங்கள், அப்புறம் சந்தேகமே வராது.

விலங்கியல் இரண்டாம் ஆண்டு மாணவி: உடலமைப்பைக் கொஞ்சம் விளக்க முடியுமா மேடம்?

உடல் முழுவதையும் இரண்டு மடல் ஓடு மூடியிருக்கும், நடுவில் ஒரு தசை அதை இழுத்து மூடும். தலையிலிருந்து வெளியே நீளும் இரண்டாவது ஜோடி உணர்கொம்பு கவட்டைபோல இரண்டாகப் பிரியும், அதுதான் துடுப்பு. அதற்குப் பின்னால் இலை மாதிரி தட்டையான கால்கள், இனத்தைப் பொறுத்துப் பத்து ஜோடியிலிருந்து முப்பது ஜோடிக்கு மேலும் இருக்கும். நீந்தத்தான் அத்தனை கால் என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். அவை முக்கியமாகச் செய்வது தண்ணீரை உள்ளே இழுத்துப் பாசியையும் மக்கிய துகள்களையும் வடிகட்டி, உடலின் நடுக்கோட்டில் ஓடும் பள்ளம் வழியாக வாய்ப்பக்கம் தள்ளுவது. மூச்சும் கால் வழியாகத்தான். வால்பக்கம் ஒரு ஜோடி வளைந்த நகம்.

ஓட்டின் மேல் மரத்தின் வளையம்போல வரிகள் தெரிகிறதா பாருங்கள். மற்ற ஓட்டு உயிரிகள் தோலுரிக்கும்போது பழைய ஓட்டைக் கழற்றிப் போடும். பெரும்பாலான சிப்பி இறால்களோ பழைய ஓட்டை வைத்துக்கொண்டே அடியில் புதிதாக ஒரு விளிம்பு சேர்க்கும், அதனால் ஒவ்வொரு உரிப்புக்கும் ஒரு வரி. லின்சியஸ் போன்ற வகைகளுக்கு இந்த வரி கிடையாது, அவை உருண்டைப் பட்டாணி மாதிரி இருக்கும்.

தாம்பரத்திலிருந்து: நீங்கள் அடிக்கடி சொல்லும் அந்த வட்டச் சிப்பி இறால் ஏன் அவ்வளவு விசேஷம்?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்! அதன் பெயர் சைக்ளெஸ்தீரியா ஹிஸ்லோபி. உலகத்துக்கு முதலில் தெரிந்தது நம் நாட்டு உயிராகத்தான்: நாக்பூரில் பாதிரியாராக இருந்த ஸ்டீபன் ஹிஸ்லோப் சேகரித்து அனுப்ப, 1859-இல் பேர்ட் என்பவர் விவரித்துப் பெயரிட்டார். பிறகு 1887-இல் நார்வேயின் ஜி. ஓ. சார்ஸ், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த காய்ந்த சேற்றில் தண்ணீர் ஊற்றி, அதிலிருந்தே இதை உயிரோடு வளர்த்து, தனிப் பேரினம் என்று பிரித்தார். கப்பலில் வந்த மண் அது.

ஐந்து மில்லிமீட்டர்தான் இருக்கும், வட்டமான ஓடு, கூட்டுக்கண்கள் ஒன்றாகச் சேர்ந்து ஒற்றைக் கரும்புள்ளியாகத் தெரியும். மற்ற சிப்பி இறால்கள் முட்டை போடும், அதிலிருந்து நாப்ளியஸ் என்ற இளம்புழு நீந்தி வரும். இது அப்படி இல்லை. தாய் தன் முதுகுக்கும் ஓட்டுக்கும் நடுவே முட்டைகளை வைத்துக்கொள்ளும், குஞ்சு அங்கேயே வளர்ந்து, தாயைப் போலவே குட்டி ஓட்டோடு வெளியே வரும். தாம்பரம் தாண்டி ஒரு குளத்தில் பாசிக்கொத்தை அலசியபோது அப்படி ஒரு தாய் கிடைத்தது. லென்ஸில் பார்த்தால் முதுகுக்குள்ளே கரும்புள்ளிக் கண்களோடு குஞ்சுகள் நெளிகின்றன. அன்று வீட்டுக்குப் போக மனசே வரவில்லை.

ஆண்தான் அபூர்வம். பெரும்பாலும் பெண்கள் ஆண் இல்லாமலேயே பெற்றுக்கொள்ளும். மற்ற பல சிப்பி இறால்களின் ஆணுக்கு முதல் இரண்டு ஜோடிக் கால்கள் கொக்கியாக மாறியிருக்கும், இதற்கு முதல் ஜோடி மட்டும். மீன் வளர்ப்பவர்களுக்குத் தெரிந்த டாஃப்னியா என்ற குட்டி நீருயிரியின் நெருங்கிய உறவு இதுதான் என்று ஆய்வாளர்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதே தம்பி: எங்கெல்லாம் இருக்கிறது?

இந்தியா, தென்கிழக்கு ஆசியா, ஆஸ்திரேலியா, ஆப்பிரிக்கா, கியூபா, கொலம்பியா என்று வெப்பமண்டலம் முழுக்க. இவ்வளவு பரந்து கிடப்பது ஒரே இனமா என்று மரபணுவைப் பார்த்தார்கள். வெளித்தோற்றத்தில் பிரித்துச் சொல்ல முடியாத பல இனங்கள் என்றும், அவை பிரிந்தது கிரெட்டேசியஸ் காலத்திலேயே, அதாவது டைனோசர்கள் இருந்தபோதே என்றும் 2013-இல் வெளியான ஆய்வு சொன்னது. அப்படியானால் நம் ஊர் உயிரைக் கொலம்பியாக்காரர் எழுதியதை வைத்து மட்டும் படிக்கக் கூடாது, இங்கேயே பார்க்க வேண்டும். மதுரையின் பெயரைத் தாங்கிய லெப்தெஸ்தீரியா மதுரையென்சிஸ் 1968-இல்தான் விவரிக்கப்பட்டது. நம் பக்கத்துக் குட்டைகளில் பார்க்க வேண்டியது இன்னும் நிறைய.

வேளச்சேரி வாசகர்: வெயிலில் காய்ந்த தரையில் எப்படி உயிரோடு இருக்கும்?

முட்டையாக சார். யூலிம்னேடியா போன்ற மழைக்குட்டை வகைகளின் முட்டை கெட்டியான உறையோடு சேற்றிலேயே வருஷக்கணக்கில் கிடக்கும். மழை பெய்து தண்ணீர் தேங்கினால் ஓரிரு நாளில் பொரிந்து, வாரத்துக்குள் வளர்ந்து அடுத்த தலைமுறை முட்டையையும் போட்டுவிடும். எல்லா முட்டையும் முதல் மழையிலேயே பொரிந்துவிடாது, கொஞ்சம் அடுத்த மழைக்குத் தங்கும். சைக்ளெஸ்தீரியா வற்றாத குளத்திலும் வாழும், வறட்சியைத் தாங்கும் முட்டைகள் அதற்குத் தாயின் ஓட்டுக்குள்ளேயே தங்கிவிடும்.

கொளத்தூரில் மீன்கடை வைத்திருப்பவர்: மீன்தீனியாக விற்கும் மொய்னா நீருயிரி மாதிரி இதையும் மீனுக்குப் போடலாமா மேடம்?

மீன் ஆசையாகச் சாப்பிடும். அதனாலேயே மீன் இருக்கும் குளங்களில் இவை அதிகம் நிலைப்பதில்லை. ஆனால் குட்டையிலிருந்து அள்ளி விற்காதீர்கள், கேட்டுக்கொள்கிறேன்.

பள்ளிக்கரணை அம்மா ஒருவர்: கொசுப்புழுவைத் தின்னுமா?

இல்லைம்மா, பாசியைத்தான் தின்னும். கொசுவுக்காகக் கம்பூசியா மீனைக் குட்டையில் விட்டால் அது இவற்றையும் சேர்த்துத் தின்றுவிடும், அதைக் கவனிக்க வேண்டும்.

மேடவாக்கம் தம்பி மறுபடியும்: அந்த மனையில் தை மாசம் மண் கொட்டப் போகிறார்களாம். என்ன செய்யலாம்?

தண்ணீர் வற்றியதும் மேல்மண்ணை இரண்டு அங்குலத்துக்குச் சுரண்டி, நிழலில் உலர்த்தித் துணிப்பையில் கட்டுங்கள். இடமும் தேதியும் பென்சிலில் எழுதி உள்ளே போடுங்கள், மை அழிந்துவிடும். வேறு குளத்தில் கொட்டிவிட வேண்டாம், அங்கே இருப்பதோடு கலந்துவிடும். இந்தச் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு நான் வருகிறேன். வலை, தட்டு, லென்ஸ் எல்லாம் என்னிடம் இருக்கிறது, நீங்கள் ஒரு வாளி மட்டும் கொண்டுவந்தால் போதும்.