ஓராண்டு மட்டுமே ஆடிய குவார்ட்டர்பேக்கை டிராஃப்டின் தொடக்கத்திலேயே எடுக்கலாமா?

கல்லூரியில் ஓர் ஆண்டு, மிஞ்சிப்போனால் அதற்குச் சற்றுக் கூடுதலாக மட்டுமே ஆடியிருக்கும் குவார்ட்டர்பேக்கை, அதாவது பந்தை எறிந்து அணியின் தாக்குதலை நடத்துபவரை, அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீகான என்எஃப்எல்லில் அணிகள் முறைவைத்துப் புதிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டின் முதல் சில இடங்களுக்குள் எடுப்பது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். எடுக்கலாம் என்பதே என் பதில். ஆனால் எடுப்பது தோற்றுக்கொண்டிருக்கும் அணியாக இருக்க வேண்டும். தோற்ற அணிகளே முதலில் தேர்ந்தெடுக்கும் என்பதால், தனக்கு இயல்பாகக் கிடைத்த இடத்தில் எடுக்க வேண்டும். முதல் சீசனிலேயே அவரைக் களத்தில் இறக்கி, அதனால் வரும் தோல்விகளைத் தாங்கிக்கொள்ளும் மனமும் வேண்டும். வெற்றியின் விளிம்பில் நிற்கும் அணியொன்று வரும் ஆண்டு டிராஃப்டுகளில் தனக்குள்ள தேர்வுரிமைகளை இன்னோர் அணிக்குக் கொடுத்து மேலேறி வந்து, அப்படி ஒருவரை எடுத்து, ஓரத்தில் உட்கார வைத்துப் பக்குவப்படுத்திக்கொள்ளலாம் என்று போடும் கணக்கில் எனக்கு நம்பிக்கை இல்லை.

குவார்ட்டர்பேக் ட்ரே லான்ஸின் கதையை இந்தக் கோணத்தில் பாருங்கள். கல்லூரிக் கால்பந்தின் இரண்டாம் அடுக்கில் உள்ள நார்த் டகோட்டா ஸ்டேட் அணிக்காக 2019 சீசனில் அவர் ஆடிய 16 ஆட்டங்களிலும் அணி வென்றது. 28 டச்டவுன்கள் எறிந்த அவர் ஒரு இன்டர்செப்ஷன்கூட, அதாவது எதிரணி பிடித்துக்கொள்ளும் எறிதல்கூட, கொடுக்கவில்லை. பெருந்தொற்றின் காரணமாக 2020 இலையுதிர்காலத்தில் அவருக்குக் கிடைத்தது ஒரே ஓர் ஆட்டம். எண்களில் குறை காண ஒன்றுமில்லை என்றாலும், எப்போதும் முன்னிலையிலேயே இருக்கும் அணியில் ஆடியவர், பத்துப் புள்ளிகள் பின்தங்கிய நிலையில், பந்தைத் தக்கவைக்க மூன்றாவது முயற்சியில் பதினைந்து யார்டு முன்னேற வேண்டியிருக்கும்போது என்ன செய்வார் என்பதற்குச் சான்று மிகச் சொற்பமாகவே இருந்தது. ஆயினும் 12ஆம் இடத்தில் இருந்த சான் பிரான்சிஸ்கோ ஃபோர்ட்டிநைனர்ஸ், 2022, 2023 ஆகிய இரு ஆண்டுகளின் முதல் சுற்றுத் தேர்வுரிமைகளோடு ஒரு மூன்றாம் சுற்றுத் தேர்வுரிமையையும் மயாமி அணிக்குக் கொடுத்து, 2021 டிராஃப்டின் மூன்றாம் இடத்துக்கு ஏறி அவரை எடுத்தது.

அந்த அணி அப்போது வெல்வதற்காகவே கட்டப்பட்டிருந்தது. 2021இல் ஏற்கெனவே இருந்த குவார்ட்டர்பேக் ஜிம்மி கரோப்போலோவை வைத்துக்கொண்டு, லீகின் இறுதிப் போட்டிக்கு ஒரு படி முந்தைய என்எஃப்சி இறுதி வரை சென்ற பயிற்சியாளர் கைல் ஷானஹன், ஓர் இளைஞர் கற்றுக்கொள்ளட்டும் என்பதற்காக ஆட்டங்களைத் தோற்றிருக்க முடியாது. அவரைக் குறை சொல்லவும் எனக்கு மனமில்லை. லான்ஸுக்கு அந்த சீசனில் தொடக்கத்திலிருந்து ஆடக் கிடைத்தவை இரண்டே ஆட்டங்கள். 2022இல் பொறுப்பு அவர் கைக்கு வந்தது, ஆனால் இரண்டாவது வாரத்திலேயே கணுக்கால் முறிந்தது. 2020 ஜனவரியில் கல்லூரி சாம்பியன்ஷிப்பை வென்ற நாளிலிருந்து கணக்கிட்டால், இரண்டரை ஆண்டுகளுக்கும் மேலான அந்தக் காலத்தில் அவர் தொடக்க ஆட்டக்காரராக இறங்கிய முறையான ஆட்டங்கள் மொத்தம் ஐந்து. அனுபவம் போதாது என்று எல்லோராலும் சொல்லப்பட்ட ஒருவருக்கு, அனுபவத்தைத் தவிர மற்ற எல்லாம் கொடுக்கப்பட்டன. 2023 ஆகஸ்டில் ஒரு நான்காம் சுற்றுத் தேர்வுரிமைக்கு ஈடாக அவர் டல்லஸுக்கு அனுப்பப்பட்டார்.

கொடுத்த விலையும் வேறு வழியாகத் திரும்பி வந்து வலித்தது. மயாமிக்குப் போன 2022ஆம் ஆண்டுத் தேர்வுரிமை பந்து பிடிக்கும் ஆட்டக்காரர் டைரீக் ஹில்லை மயாமி வாங்கிய பரிமாற்றத்தில் கான்சஸ் சிட்டிக்குப் போனது. அவர்கள் அதையும் வேறு சிலவற்றையும் கொடுத்து மேலேறி தற்காப்பு ஆட்டக்காரர் டிரென்ட் மெக்டஃபியை எடுத்தார்கள். 2024 பிப்ரவரியில் ஃபோர்ட்டிநைனர்ஸை லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலில் 25–22 என்று தோற்கடித்த அணியில் அவரும் இருந்தார்.

கான்சஸ் சிட்டியின் குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸும் முதல் சீசனில் மூத்தவரான அலெக்ஸ் ஸ்மித்துக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்தானே என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான், கடைசி வாரத்தில் மட்டும் ஆடிவிட்டு, மறு ஆண்டே 50 டச்டவுன்கள் எறிந்து எம்விபி, அதாவது லீகின் சிறந்த ஆட்டக்காரர், ஆனார். ஆனால் டெக்சஸ் டெக் பல்கலைக்கழகத்தில் 1,300 முறைக்கும் மேல் பந்தெறிந்துவிட்டு வந்தவர் அவர். லான்ஸ் கல்லூரியில் எறிந்தது 320 முறைகூட இல்லை. நிறைய ஆடியவருக்கு ஓராண்டு ஓய்ந்திருந்து பார்ப்பது தெளிவைத் தரக்கூடும், ஏனெனில் பார்ப்பதைப் பொருத்திப் பார்க்க அவரிடம் சொந்த நினைவுகள் இருக்கின்றன. ஆடாதவருக்கு ஆட்டத்திட்டங்களின் தொகுப்பான பிளேபுக் ஏட்டுச் சுரைக்காய்தான்.

எதிர்த்திசையில் ஜாஷ் ஆலன் இருக்கிறார். வயோமிங் பல்கலைக்கழகத்தில் இரண்டு சீசன் ஆடியும், எறிந்த பந்துகளில் 56 விழுக்காடு மட்டுமே சேர வேண்டியவர் கையில் சேர்ந்தன என்பதால், 2018இல் ஏழாம் இடத்தில் அவரை எடுத்த பஃபலோ பில்ஸைப் பலர் கேலி செய்தார்கள். முதல் சீசனில் அந்த விகிதம் 52.8க்கு இறங்கியது, 10 டச்டவுன்களுக்கு 12 இன்டர்செப்ஷன்கள், அணி 6 வென்று 10 தோற்றது. பில்ஸ் அவரை வெளியே எடுக்கவில்லை. தவறுகளை அவர் கண்ணெதிரே செய்து முடிக்கட்டும் என்று விட்டார்கள். 2020இல் பந்து பிடிக்கும் ஆட்டக்காரர் ஸ்டெஃபான் டிக்ஸை வாங்கித் தந்தார்கள். அந்த ஆண்டு விகிதம் 69.2 ஆனது. 2024இல் எம்விபி விருதும் வந்தது. கேம் நியூட்டனும் ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் ஒரே சீசன் ஆடிவிட்டுத்தான் 2011இல் முதல் இடத்தில் கரோலைனாவுக்கு வந்தார். முந்தைய சீசனை 2 வெற்றி, 14 தோல்வி என்று முடித்திருந்த அந்த அணிக்கு, அவரை முதல் நாளே இறக்குவதால் இழக்க எதுவும் இல்லை.

டிராஃப்டில் வரும் புதியவர்களுக்கான சம்பள விதி மாறியதும் இங்கே முக்கியம். 2010இல் முதல் இடத்தில் வந்த சாம் பிராட்ஃபோர்டின் ஆறாண்டு ஒப்பந்தம் 7.8 கோடி டாலர், அதில் 5 கோடி உத்தரவாதம். மறு ஆண்டு புதிய விதியின்கீழ் நியூட்டனுக்கு நான்காண்டுகளுக்கு ஏறத்தாழ 2.2 கோடிதான். ஆகவே இன்று தவறான தேர்வு அணியின் கருவூலத்தை உடைப்பதில்லை. மேலேறுவதற்காகக் கொடுக்கும் தேர்வுரிமைகள்தான் உடைக்கின்றன.

என் வாதத்துக்கு எதிராக நிற்பவர் ஆன்டனி ரிச்சர்ட்சன். இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் 2023இல் தன் சொந்த நான்காம் இடத்தில், ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்துக்காக 13 ஆட்டங்களை மட்டுமே தொடங்கியிருந்த அவரை எடுத்து, முதல் வாரமே களத்தில் இறக்கியது. நான்கு ஆட்டங்களில் தோள் காயம், 2024இல் எறிந்தவற்றில் 47.7 விழுக்காடு மட்டுமே சேர்ந்தன, 2025இல் தொடக்க இடம் டேனியல் ஜோன்ஸுக்குப் போனது. நான் சொன்ன நிபந்தனைகள் அனைத்தும் இருந்தும் அது பலிக்கவில்லை. இருந்தாலும் கோல்ட்ஸின் இடத்தில் இருந்திருந்தால் நானும் அவரை எடுத்திருப்பேன், ஏனெனில் அவர்கள் இழந்தது ஒரு தேர்வுரிமை மட்டுமே. 2017இல் அதே 13 ஆட்ட அனுபவம் கொண்ட மிட்செல் ட்ருபிஸ்கிக்காக, மூன்றிலிருந்து இரண்டாம் இடத்துக்கு ஒரேயொரு படி ஏற, மேலும் மூன்று தேர்வுரிமைகளைக் கொடுத்த சிகாகோ பேர்ஸின் பேரத்துக்கு மட்டும் நான் ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன்.