எண்ணை மட்டும் நம்பி வாங்காதீர்கள்: கிடார் கேள்வி பதில்

கே: கிப்சன் லெஸ் பால் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. கம்பி முறுக்கும் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக்கின் பின்புறம் 82766501 என்ற எண். விற்பவர் 1982ஆம் ஆண்டுக் கிடார் என்கிறார். சரியா?

ப: இல்லை, அது 1986. கிப்சன் 1977 முதல் 2005 வரை போட்ட எட்டு இலக்க எண்ணில் முதல் இலக்கமும் ஐந்தாம் இலக்கமும் சேர்ந்துதான் ஆண்டு. இடையிலுள்ள 276, அந்த ஆண்டின் 276ஆம் நாள். அதாவது அக்டோபர் 3. கடைசி மூன்றும் வரிசை எண். முதல் இரண்டு இலக்கத்தை ஆண்டாகப் படிப்பது வழக்கமான பிழை. 1994இல் செய்தவை பல 94 என்றே தொடங்கும், அது விதிவிலக்கு. கிப்சனின் சிறப்புத் தயாரிப்புப் பிரிவான கஸ்டம் ஷாப்பின் கிடார்களுக்குக் கணக்கே வேறு.

கணக்கு பொருந்திவிட்டது என்பதற்காகக் கிடார் அசலாகிவிடாது. போலி செய்கிறவருக்கும் இந்தக் கணக்கு தெரியும். கழுத்துப் பகுதியான நெக்கின் உள்ளே செல்லும் உலோகத் தண்டு ட்ரஸ் ராட். ஹெட்ஸ்டாக்கிலுள்ள அதன் மூடியைப் பாருங்கள்: இரண்டு திருகு இருக்க வேண்டும், மூன்று இருந்தால் சந்தேகம். மூடியைக் கழற்றினால் சாக்கெட் ரென்ச்சால் திருகும் பித்தளை நட் தெரிய வேண்டும். ஆலன் கீ துளை தெரிந்தால் மூடியை மாட்டிவிட்டு நன்றி சொல்லிக் கிளம்புங்கள்.

அசல்தான் என்று தெரிந்த பிறகு, ஹெட்ஸ்டாக்கும் நெக்கும் சேரும் இடத்தில் பின்புறமாக விளக்கைச் சாய்த்துப் பிடியுங்கள். சாய்வு 17 பாகை, ட்ரஸ் ராட் நட்டுக்காக மரமும் குடையப்பட்டிருக்கிறது. கீழே விழுந்தால் முதலில் உடைவது அந்த இடம்தான். நன்றாக ஒட்டியிருந்தால் வாசிப்பில் வித்தியாசம் தெரியாது. விலை மட்டும் பாதிக்கு அருகில் இறங்கிவிடும்.

கே: வீட்டில் பழைய கிடார் ஒன்று இருக்கிறது. என்ன விலை போகும்?

ப: தயாரிப்பாளர், மாடல், எண், நிலை எதுவும் இல்லாமல் விலை சொல்ல முடியாது.

கே: என் ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரில், நெக்கை உடலோடு இணைக்கும் தகடான நெக் பிளேட்டில் எல் என்ற எழுத்தில் தொடங்கும் எண் இருக்கிறது. 1963 என்று எடுத்துக்கொள்ளலாமா?

ப: எல் வரிசை 1962இன் இறுதி முதல் 1965 வரை ஓடியது. ஆனால் அந்தத் தகடு நான்கு திருகில் நிற்கிறது. எந்தத் தகட்டையும் எந்தக் கிடாரிலும் மாட்டலாம். எண்களும் வரிசையாகப் போடப்படவில்லை. பெட்டியில் கைக்கு வந்த தகடு மாட்டப்பட்டது.

கம்பிகளைத் தளர்த்தி நெக்கைக் கழற்றுங்கள். அடிப்பக்கத்தில் தேதி முத்திரை இருக்கும். அடுத்து உடலின் மேலுள்ள பிளாஸ்டிக் தகடான பிக்கார்டைத் தூக்கி, வால்யூம், டோன் குமிழ்களுக்கு அடியிலுள்ள பாட்களின் முதுகைப் படியுங்கள். 1376632 என்று இருந்தால்: 137 என்பது பாட்டைச் செய்த சி.டி.எஸ். நிறுவனம், 66 ஆண்டு, 32 வாரம். அப்படியானால் 1966 ஆகஸ்டுக்கு முன் அந்தக் கிடார் முழுமையாகியிருக்க முடியாது. கவனியுங்கள், பாட் சொல்வது ‘இதற்கு முன் இல்லை’ என்பது மட்டுமே. ஃபெண்டர் 1966இல் பாட்களை மொத்தமாக வாங்கிப் பல ஆண்டுகள் பயன்படுத்தியது. சால்டரையும் பாருங்கள். பழைய சால்டருக்குப் பக்கத்தில் புதிதாகப் பளபளக்கும் சொட்டு இருந்தால் பாட் மாற்றப்பட்டிருக்கலாம். நெக், பாட், ஹெட்ஸ்டாக் மூன்றும் ஒரே காலத்தைச் சொல்ல வேண்டும். பெரிய ஹெட்ஸ்டாக் 1965இன் பிற்பகுதியில்தான் வந்தது. எல் தகடும் பெரிய ஹெட்ஸ்டாக்கும் சேர்ந்திருந்தால் 1963 என்ற பேச்சே வேண்டாம்.

கே: விற்பதற்கு முன் பாலிஷ் போட்டு, கீறலுக்கு வண்ணம் தொட்டுவிடட்டுமா?

ப: வேண்டாம். பழைய நைட்ரோ (நைட்ரோசெல்லுலோஸ்) பூச்சு புற ஊதா விளக்கில் மஞ்சள் கலந்த பச்சையாக ஒளிரும், நீங்கள் தொட்ட இடம் கறுப்புத் திட்டாக நிற்கும். வாங்குகிறவர் அந்த விளக்கோடுதான் வருவார். முழுதாக வண்ணம் மாற்றிய பழைய கிடாரும் ஏறக்குறைய பாதி மதிப்பை இழக்கும்.

கே: 1970களின் ஜப்பானிய ‘வழக்குக் கிடார்’ வாங்கலாமா? லெஸ் பால் வடிவம், பெயர் தெரியாத பிராண்டு.

ப: பெயர் தெரியாத பிராண்டு என்றால் அது வழக்குக் கிடார் அல்ல. வழக்கு ஒன்றுதான். 1977 ஜூனில் கிப்சனின் அன்றைய உரிமையாளரான நார்லின், இபானெஸின் அமெரிக்கக் கிளையான எல்ஜர் மீது தொடுத்தது. பிரச்சினை ஹெட்ஸ்டாக் வடிவம். அதற்குள் இபானெஸ் வடிவத்தை மாற்றியிருந்தது. பிறகு சமரசமாக முடிந்தது. மற்ற பிராண்டுகளுக்கு அந்தப் பெயர் விளம்பர வார்த்தை, விலையேற்ற உதவும் வார்த்தை.

கே: பெயரில் என்ன இருக்கிறது? அந்தக் காலத்து ஜப்பான் கிடார் எல்லாமே அசலைவிட மேல்.

ப: ‘எல்லாமே’ என்பதில்தான் பிழை. 70களின் தொடக்கத்தில் வந்த பல லெஸ் பால் நகல்களில் நெக் திருகால் மாட்டியது. வளைந்த மேல்பலகை அழுத்திய பிளைவுட், அடியில் வெற்றிடம். கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப்பைத் தூக்கினால் கண்ணுக்கே தெரியும். 70களின் பிற்பகுதியில் டோகாய், கிரேகோ போன்றவை ஒட்டிய நெக், திட மரம் என்று முன்னேறின. இரண்டையும் ஒரே பெயரில் விற்பதுதான் எனக்கு ஆகாது.

கே: அதே காலத்து கிப்சன் மட்டும் ஒழுங்கா? பலகையை அடுக்கி ஒட்டினார்களே!

ப: உண்மை. 1969 முதல் பல ஆண்டுகள் லெஸ் பால் உடல் அடுக்குப் பலகைதான். நெக் மூன்று துண்டு, ஹெட்ஸ்டாக்கின் பின்னால் வால்யூட் என்ற புடைப்பு. அந்தப் புடைப்பைச் சேகரிப்பவர்கள் வெறுக்கிறார்கள், உடைவதைக் குறைப்பது அதுதான். ஆனால் கிப்சன் சறுக்கியது என்பதால் பிளைவுட் நகல் உயர்ந்துவிடாது. இந்த வாதம் போதும்.

கே: பழைய கிடார் ஒன்று இருக்கிறது, விலை?

ப: இரண்டாம் பதில்.

கே: அக்கூஸ்டிக்கில் சாலிட் டாப்பா (மேல்பலகை திட மரமா) என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பழையதில் வேறு என்ன பார்க்க வேண்டும்?

ப: ஒலித்துளையின் விளிம்பைப் பாருங்கள். மேற்பரப்பின் ரேகை அப்படியே விளிம்பு வழியாக இறங்கினால் சாலிட்; குறுக்காக அடுக்குகள் தெரிந்தால் பிளைவுட். அடுத்து நீளமான நேர்கோலை நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கோடுகளான ஃப்ரெட்களின் மேல் வைத்து, உடலில் கம்பிகள் மாட்டியிருக்கும் பிரிட்ஜ் வரை நீட்டுங்கள். கோலின் முனை பிரிட்ஜின் மேல்விளிம்பைத் தொட வேண்டும். கீழே முட்டினால், பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் தடித்த கம்பி 3 மி.மீ.க்கு மேல் நின்று, பிரிட்ஜில் கம்பியைத் தாங்கும் சாடிலில் இறக்க இடமும் இல்லாவிட்டால், நெக்கைக் கழற்றிக் கோணம் திருத்தி மாட்டும் நெக் ரீசெட் தேவை. அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

கே: கிளாசிக்கலில் ஸ்டீல் கம்பி போட்டால் சத்தம் கூடுமாமே?

ப: பிரிட்ஜ் பிய்யும் சத்தம் கூடும். நைலான் செட் மொத்தமாக இழுப்பது சுமார் 40 கிலோ, மெல்லிய ஸ்டீல் செட் 70 கிலோவுக்கு மேல்.

கே: கை சிறியது. எது எடுக்கலாம்?

ப: நட்டிலிருந்து (ஹெட்ஸ்டாக்கின் முனையில் கம்பிகள் படியும் பள்ளமிட்ட துண்டு) பன்னிரண்டாம் ஃப்ரெட் வரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். ஃபெண்டரில் 648 மி.மீ., கிப்சனில் சுமார் 628. குறைந்த அளவில் ஃப்ரெட்கள் நெருங்கும், கம்பியும் இளகும். நட் அகலம் 42, 43 மி.மீ. போதும், கிளாசிக்கலின் 52 விரலை விரிக்கும்.

கே: ஆம்ப் எது வாங்கலாம்?

ப: என் துறை அல்ல.

கே: ஃபெண்டர் வைத்திருக்கிறேன். தகட்டு எண் மட்டும் தருகிறேன், ஆண்டு சொல்ல முடியுமா?

ப: நெக்கைக் கழற்றிய படம் அனுப்புங்கள்.