பதில்: பேக்கர்ஸ் அணியின் மாஸ்காட் எது?

வணக்கம். 'நம் ஊர் அணியின் மாஸ்காட்டை (அடையாள உருவத்தை) வரைந்து வா' என்று அமெரிக்காவின் கிரீன் பே நகரப் பள்ளியில் உங்கள் மகளுக்கு வீட்டுப்பாடம் கொடுத்திருக்கிறார்கள், எவ்வளவு தேடியும் அந்த ஊரின் அமெரிக்கக் கால்பந்து அணியான பேக்கர்ஸின் உருவம் அகப்படவில்லை என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் தேடலில் குறையே இல்லை. வேடமிட்டு மைதானத்தில் ஆடும் மாஸ்காட் அந்த அணிக்குக் கிடையாது. நியூயார்க்கின் ஜயன்ட்ஸ், ஜெட்ஸ் அணிகளுக்கும் இல்லை.

தயவுசெய்து ஏதோ ஒரு கரடியையோ புலியையோ வரையச் சொல்லிவிடாதீர்கள். கரடி, பேக்கர்ஸின் பரம எதிரியான சிகாகோ பேர்ஸ் அணியின் சின்னம். கிரீன் பே வகுப்பறையில் அதைக் காட்டினால் குழந்தை பாவம்!

பெயர்க்கதையை எழுதச் சொல்லுங்கள். 1919இல் கர்லி லாம்போ அணியைத் தொடங்கியபோது சீருடைக்குப் பணம் கொடுத்தது, அவர் வேலை பார்த்த இந்தியன் பேக்கிங் கம்பெனி. இறைச்சியை டின்னில் அடைத்து விற்ற நிறுவனம் அது. 'பேக்கர்ஸ்' அங்கிருந்து வந்ததுதான்.

படத்துக்கு, ரசிகர்கள் தலையில் வைத்துக்கொள்ளும் மஞ்சள் பாலாடைக்கட்டித் தொப்பி எளிது. ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது வேறு. கோடைப் பயிற்சி முகாமின்போது வீரர்கள் உள்ளூர்ப் பிள்ளைகளின் சைக்கிளை வாங்கி ஓட்டிக்கொண்டு பயிற்சித் திடலுக்குப் போவார்கள். முழங்கால் ஹேண்டில்பாரில் இடிக்க ஒரு மலைபோன்ற மனிதர் குட்டிச் சைக்கிளில். அவருடைய ஹெல்மெட்டைச் சுமந்தபடி பக்கத்திலேயே ஓடும் சிறுமி. அந்தச் சிறுமியாக உங்கள் மகள் தன்னையே வரைந்துகொள்ளலாம்.