ஜாலி பாய்க்குப் பணம் கட்டினோம், ரெட் ஸ்கின்னுக்குக் கூட்டிப் போனார்கள்

கேள்வி: மே கடைசி வாரம் குடும்பத்தோடு அந்தமான் போனோம். ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் அனுப்பிய திட்டத்தில் ஜாலி பாய் தீவு இருந்தது. அங்கே போனதும், ‘அது மூடியாச்சு’ என்று ரெட் ஸ்கின் தீவுக்கு அழைத்துப் போனார்கள். கேட்டால், ‘சூழ்நிலையைப் பொறுத்து மாறும்னு போட்டிருக்கோமே’ என்கிறார். பணம் திரும்பக் கிடைக்குமா?
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: கேட்கலாம். ஆனால் பேக்கேஜ் பணம் முழுவதையும் கேட்காதீர்கள். விமானம், ஓட்டல் எல்லாம் அனுபவித்துவிட்டீர்கள். அந்த ஒரு நாள் பயணத்துக்கான தொகையும் மன உளைச்சலுக்கு நஷ்டஈடும் கேளுங்கள், போதும்.

ஜாலி பாய், வண்டூர் பக்கம் மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் ஆளில்லாத் தீவு. பவளப்பாறைகளுக்கு ஓய்வு கொடுக்க, மே நடுவாக்கில் அதை மூடிவிட்டு, மழைக்காலத்துக்கு ரெட் ஸ்கின்னைத் திறப்பார்கள். வருஷா வருஷம் நடப்பதுதான். அந்தமான் பேக்கேஜ் விற்றே பிழைக்கிறவருக்கு இது தெரியாதாம்! ஜாலி பாய் என்று போட்டால்தான் பேக்கேஜ் விலைபோகும், அதனால் போடுகிறார்கள்.

ஒரு விதிவிலக்கைச் சொல்லிவிடுகிறேன். தீவு திறந்திருக்கும் மாதத்தில் கடல் கொந்தளித்துப் படகை நிறுத்திவிட்டால், ஏஜென்டைக் குறை சொல்ல முடியாது. அப்போதும், ஓடாத படகுக்கான பணம் அவருக்குத் திரும்பியிருந்தால் அது உங்களிடம் வர வேண்டும். ‘சூழ்நிலை’ என்ற வார்த்தை செல்லுபடியாவது அங்கேதான். முன்கூட்டியே தெரிந்த மூடலுக்கு அது பொருந்தாது.

வாட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடாதீர்கள். ஜிபே ரசீது, ரெட் ஸ்கின் படகு டிக்கெட் இரண்டையும் பத்திரப்படுத்துங்கள். முதலில் ஸ்பீடு போஸ்டில் நோட்டீஸ் அனுப்பி 15 நாள் பாருங்கள். அசையவில்லையா, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அப்புறம் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஏஜென்ட் எந்த ஊர்க்காரராக இருந்தாலும், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே புகார் கொடுக்கலாம். இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது.

வக்கீலும் கட்டாயமில்லை. ஒரு வக்கீலாக இருந்துகொண்டுதான் சொல்கிறேன். ‘கேஸ் போட்டு வாங்கித் தரேன், பாதிக்குப் பாதி’ என்று ஆணைய வாசலிலேயே ஒருவர் வருவார். வெற்றுத்தாளில் கையெழுத்து மட்டும் போட்டுவிடாதீர்கள். மூன்று மாதத்தில் முடிக்கச் சட்டம் சொல்கிறது. நடப்பது வேறு: ஏஜென்ட் தரப்பினர் வாய்தா கேட்பார்கள், ஆணையமும் கொடுத்துக்கொண்டே இருக்கும். அதனால் நோட்டீஸ் கண்டு ஏஜென்ட் நியாயமான தொகைக்கு இறங்கி வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். பணம் கணக்கில் ஏறும்வரை, ‘இனி பாக்கி இல்லை’ என்று எதிலும் எழுதிக் கொடுக்காதீர்கள்.