மார்கனுகோடான்: கேட்டீர்கள், சொல்கிறேன்

சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த இந்தச் சிறு பிராணியைப் பற்றி வந்த கேள்விகளில் சில.

இது எலிதானே?

இல்லை. எலிக்கு உளிப் பற்கள் உண்டு. இதற்குக் கோரைப்பல்லும் கூர்முனைக் கடைவாய்ப் பற்களும். பூச்சி தின்னும் பிராணி. மூஞ்சூறை நினைத்துக்கொள்ளுங்கள், அதையும் கொஞ்சம் சுருக்கி.

எங்கே கிடைத்தது?

பிரிட்டனின் தெற்கு வேல்ஸில், சுண்ணாம்புப் பாறை வெடிப்புகளில். 1949-இல் புதைபடிவ ஆய்வாளர் வால்டர் கூனே பெயர் சூட்டினார். ‘கிளாமோர்கன் பல்’ என்று பொருள்; கிளாமோர்கன் அந்தப் பகுதியின் பெயர். அவர் கையில் அப்போது இருந்தது ஒரு பல்தான்! பிறகு எலும்புகள் ஆயிரக்கணக்கில் வந்தன. சீனாவின் யுன்னானில் மண்டையோடே கிடைத்தது.

எல்லாரும் ஏன் தாடையைப் பற்றியே பேசுகிறார்கள்?

காதுக்கு முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடுங்கள். அசைகிறதல்லவா, அந்த மூட்டு பாலூட்டிகளுக்கே உரியது. பல்லிக்கும் முதலைக்கும் வேறு இரண்டு எலும்புகள் அங்கே கீல் போட்டிருக்கின்றன. மார்கனுகோடானுக்கோ இரண்டு மூட்டுகளும் அருகருகே இருந்தன! பழைய கீல் எலும்புகள் தாடையிலேயே ஒட்டிக்கொண்டு ஒலியையும் கடத்தின. பின்வந்தவற்றில் அவை தாடையை விட்டு விலகி நடுச்செவிக்குள் போய்விட்டன. பள்ளியில் படித்த சுத்தி எலும்பும் பட்டை எலும்பும் அவைதான். பரிணாமத்தை மறுத்து ‘இடைப்பட்ட உயிர் எங்கே?’ என்று வாதாடுபவர்களிடம் நான் முதலில் எடுத்து நீட்டுவது இந்தத் தாடையைத்தான்.

குட்டிக்குப் பால் கொடுத்ததா?

பால் புதைபடிவமாகாது, பல் ஆகும். பல்லிக்கு ஆயுள் முழுக்கப் பல் விழுந்து முளைக்கும். இதற்கு நம்மைப் போல முன்பற்கள் ஒரே ஒரு முறை விழுந்து முளைத்தன; பின்கடைவாய்ப் பற்கள் விழவே இல்லை. பல் தாமதமாக முளைத்தால் போதும் என்றால், அதுவரை தாய்ப்பால் இருந்திருக்க வேண்டும் என்பதே பெரும்பாலோர் ஊகம். எனக்கும் அது சரியாகவே படுகிறது.

அப்படியானால் வெப்ப இரத்தப் பிராணியா?

அங்கேதான் சிக்கல். பல் வேரைச் சுற்றியுள்ள சிமெண்டத்தில், மரத்தில் போலவே, ஆண்டுக்கு ஒரு வளையம் படியும். 2020-இல் வெளியான ஆய்வில், சக்திவாய்ந்த எக்ஸ் கதிர் கொண்டு அவற்றை எண்ணினார்கள். 14 வயது வரை வாழ்ந்திருக்கிறது! இந்த அளவுள்ள இன்றைய எலியோ மூஞ்சூறோ காட்டில் இரண்டு மூன்று ஆண்டு தாண்டுவதே அரிது; உடம்பு வேகமாக எரிந்தால் ஆயுள் பெரும்பாலும் குறுகும். ஆக, இதன் உடம்பு இன்றைய மூஞ்சூறைப் போல வேகமாக எரியவில்லை. ஊர்வனவற்றின் நிதானத்தில்தான் ஓடியிருக்கிறது.

பாலூட்டி என்று சொல்லலாமா, கூடாதா?

தாடை மூட்டை அளவுகோலாக வைத்தால் சொல்லலாம். இன்றுள்ள பாலூட்டிகளின் பொது மூதாதையிலிருந்து கணக்குத் தொடங்கினால், வாசலுக்கு ஓரடி வெளியே நிற்கிறது.