பாடத்தை அழித்தும் டிஸ்க் காலியாகவில்லையே?

கேள்வி: பல்கலைக்கழக மூடுல் (Moodle, இணையவழிப் பாடங்களை நடத்தும் மென்பொருள்) தளத்தில் 40 பழைய பாடங்களை அழித்தோம். சர்வரில் இடம் கூடவே இல்லை. ஏன்?

பதில்: முதலில் கிரான் (cron, குறித்த நேரங்களில் தானாக ஓடும் சர்வர் வேலை) ஓடுகிறதா என்று பாருங்கள். அழித்த பாடம் ரீசைக்கிள் பின்னில் வழக்கமாக 7 நாள் கிடக்கும். பிறகு அதன் கோப்புகள் டிராஷ்டிர் (trashdir, குப்பைக் கோப்புகள் கிடக்கும்) அடைவுக்குப் போகும். இரண்டையும் காலி செய்வது கிரான்தான்.

ஒரே பிடிஎஃப் பத்துப் பாடங்களில் இருந்தாலும் ஃபைல்டிரில் (filedir, மூடுல் கோப்புகளைச் சேமிக்கும் அடைவு) ஒரு பிரதிதான்; ஒன்பதை அழித்தாலும் இடம் மிஞ்சாது.

இடத்தை உண்மையில் விழுங்குவது தானியங்கி பேக்கப். பாடத்திலுள்ள வீடியோ அத்தனையும் எம்பிஇசட் (.mbz, மூடுலின் பேக்கப்) கோப்புக்குள் மறுபடி சேரும். ஒரு பிரதி மட்டும், வேறு டிஸ்கில் வையுங்கள்.

ஃபைல்டிரில் 40 எழுத்துப் பெயருள்ள கோப்புகளைக் கையால் அழிக்கவே அழிக்காதீர்கள். நடப்புப் பாடமும் அதையே நம்பியிருக்கலாம். பெயரைப் பார்த்து அது தெரியாது.